சிங்க்வே தெர்ரே கூட்டம் வேண்டாமென்றால் தெல்லாரோ பக்கம் போங்கள்

கேள்வி இதுதான்: செப்டம்பரில் இத்தாலி போகிறீர்கள். ரோம், ஃப்ளோரன்ஸ் முடித்துவிட்டு மூன்று நான்கு நாள் கடலோரக் கிராமம் ஒன்றில் சும்மா இருக்க வேண்டும். கூட அம்மா வருகிறார், சைவம், முழங்கால் வலி உண்டு. ஏழு வயதுப் பையன், தண்ணீரைக் கண்டால் வெளியே வரமாட்டான். எல்லோரும் வடமேற்குக் கரையில் ஐந்து கிராமங்கள் சேர்ந்த சிங்க்வே தெர்ரே என்கிறார்கள், ஆனால் அங்கே கூட்டம் தாங்காது என்று கேள்விப்பட்டுத் தயங்குகிறீர்கள்.

என் பதில்: சிங்க்வே தெர்ரேயை வேண்டுமானால் ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே தங்காதீர்கள். லா ஸ்பெசியா வளைகுடாவின் எதிர்ப்பக்கம், கிழக்குக் கரையில், தெல்லாரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. லேரிச்சி நகராட்சிக்குள் வரும் கிராமம். அங்கே அல்லது அதற்குப் பக்கத்தில் தங்குங்கள். "பக்கத்தில்" என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு அம்மாவின் முழங்கால்தான் காரணம், அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஏன் அங்கே கூட்டம், ஏன் இங்கே இல்லை என்பதைப் பார்ப்போம். இது புரிந்தால் இத்தாலியில் எந்தக் கரைக்குப் போனாலும் அமைதியான ஊரை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அழகுக்கும் கூட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, கூட்டத்தைக் கொண்டு வருவது ரயில். ஜெனோவாவிலிருந்து லா ஸ்பெசியா வரை கடலோரமாக மலையைக் குடைந்து போட்ட ரயில்பாதை 1874இல் முழுதாகத் திறந்தது. சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊரிலும் நிலையம் உண்டு. லா ஸ்பெசியாவில் ஏறினால் முதல் ஊரான ரியோமஜோரேவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. லா ஸ்பெசியா துறைமுகத்தில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள். காலையில் இறங்கி, ரயிலேறி, ஐந்து ஊரையும் தொட்டுவிட்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். ஃப்ளோரன்ஸ், மிலானிலிருந்து ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் வேறு. சில நூறு பேர் வாழும் ஊரில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நடைமேடையில் கால் வைக்க இடமிருக்காது.

அதே ரயில் லா ஸ்பெசியாவைத் தாண்டியதும் கடலை விட்டு உள்ளே திரும்பி சர்சானா வழியாகப் பீசாவுக்குப் போய்விடுகிறது. லேரிச்சியும் தெல்லாரோவும் தண்டவாளத்துக்கு வெளியே தப்பித்துக்கொண்டன. இன்னொன்று, லேரிச்சியிலிருந்து கடலை ஒட்டி வரும் தார்ச்சாலை தெல்லாரோவோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பாறையும் காடும்தான். எங்கேயோ போகிற வழியில் யாரும் இந்த ஊரைக் கடந்து போக முடியாது. வருகிறவர்கள் இங்கே வரவேண்டும் என்றே வந்தவர்கள். அமைதிக்கு இதைவிட நல்ல காவல் வேறு இல்லை.

ஊர் எப்படி இருக்கும் என்றால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை, அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கிய சிவப்பிலும் மஞ்சளிலும் ரோஸ் நிறத்திலும் உயர உயரமான வீடுகள், பாறையின் நுனியில் ரோஸ் நிறத்தில் சான் ஜார்ஜோ தேவாலயம். அலை பெரிதாக இருக்கும் நாளில் தேவாலயத்துச் சுவரடிவரை தண்ணீர் தெறிக்கும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கீழே இறங்கும் சந்துகளில் வண்டி எதுவும் வராது. சில சந்துகள் வீடுகளுக்கு அடியில் குகை மாதிரி இருட்டாகப் போய்ச் சட்டென்று கடலைத் திறந்து காட்டும். கீழே ஒரு குட்டித் துறை, சரிவில் இழுத்துப் போட்ட மீன்பிடிப் படகுகள். பார்ப்பதற்கு என்று பட்டியல் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்புறம் உட்கார வேண்டியதுதான். அதுதானே நீங்கள் கேட்டது.

தேவாலயத்துக்கு ஒரு கதை உண்டு. கடற்கொள்ளையர் இருட்டில் வந்தபோது ஊரே தூங்கிக்கொண்டிருந்தது, கடலிலிருந்து ஒரு பிரம்மாண்டமான ஆக்டோபஸ் ஏறிவந்து மணிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டு மணியை அடித்தது, ஜனங்கள் விழித்து எதிரிகளை விரட்டினார்கள் என்பது கதை. தேவாலயத்தருகே லத்தீனில் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நன்றிக்கடன் பட்ட ஊர் ஆகஸ்டில் ஆக்டோபஸ் திருவிழா என்று வைத்து என்ன செய்கிறது தெரியுமா, ஆக்டோபஸைச் சமைத்துத் தின்கிறது. பையனிடம் இந்தக் கதையைச் சொல்லி வையுங்கள், அந்த ஊரில் அவன் ஒரு நாள் முழுக்க ஆக்டோபஸைத் தேடுவான், உங்களுக்கு நிம்மதி.

ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1913 செப்டம்பரிலிருந்து 1914 ஜூன் வரை இங்கே பக்கத்தில் ஃபியாஸ்கெரினோ என்ற குட்டி வளைவில், நாலு அறை கொண்ட ரோஸ் நிற வீட்டில் குடியிருந்தார். அவரும் ஒரு கடிதத்தில் இந்த மணிக் கதையை எழுதியிருக்கிறார், ஆனால் அதில் கொள்ளையர் கிடையாது, மணிக்கயிறு சுவருக்கு வெளியே பாறை வரை தொங்கிக்கொண்டிருந்தது, ஆக்டோபஸ் ஒன்று அதன் நுனியைப் பிடித்து இழுத்தது, அவ்வளவுதான். எனக்கு அந்த வடிவம்தான் பிடிக்கும். அந்தக் காலத்தில் லேரிச்சியிலிருந்து அங்கே போக நடக்க வேண்டும் அல்லது துடுப்புப் படகில் வர வேண்டும். இன்றைக்கும் தெல்லாரோவுக்கும் ஃபியாஸ்கெரினோவுக்கும் நடுவில் நடையாகவே போய்வரலாம், கால் மணி நேரம்கூட ஆகாது. எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான மாரியோ சொல்தாத்தி கடைசிக் காலத்தில் தெல்லாரோவிலேயே வாழ்ந்து 1999இல் இங்கேதான் காலமானார்.

சரி, போவது எப்படி. ஃப்ளோரன்ஸிலிருந்து லா ஸ்பெசியாவுக்கு ரயிலில் இரண்டு இரண்டரை மணி நேரம், சில ரயில் நேராகப் போகும், சிலவற்றுக்குப் பீசாவில் மாற வேண்டும். நாடு திரும்ப விமானம் பீசாவிலிருந்து என்றால் இன்னும் வசதி, பீசாவிலிருந்து லா ஸ்பெசியா ஒரு மணி நேரம் சொச்சம்தான். லா ஸ்பெசியாவில் இறங்கி லேரிச்சிக்குப் பேருந்து, லேரிச்சியில் மாறி தெல்லாரோவுக்கு இன்னொரு பேருந்து. லேரிச்சியிலிருந்து நாலு கிலோமீட்டர்தான், ஆனால் வளைந்து வளைந்து போகும் சாலை, அம்மாவுக்குத் தலைசுற்றல் வருமென்றால் முன் இருக்கை பிடியுங்கள். பேருந்துச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், வெளியே பெரிய டி எழுத்துப் பலகை மாட்டியிருக்கும் தபாக்கி கடைகளில் கிடைக்கும், திரும்பி வருவதற்கும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். காகிதச் சீட்டு என்றால் ஏறினதும் இயந்திரத்தில் முத்திரை குத்தணும். வட்டார ரயில்களிலும் இதே கதைதான், அங்கே ஏறுவதற்கு முன்பே நடைமேடைப் பெட்டியில் குத்திவிட வேண்டும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டிய நம்மவர்கள் நிறையப் பேர்.

காரில் வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுவிஸ் பக்கமிருந்து காரில் இறங்கிவரும் தமிழர்கள் இதைப் படித்தால் உதவும் என்று சொல்கிறேன். கோடையில் கார் இங்கே ஒரு தலைவலி. நிறுத்த இடம் குறைவு, கிடைத்தாலும் காசு, ஊருக்குள் அறவே போக முடியாது. இத்தாலி ஊர்கள் பலவற்றில் உள்ளூர் வண்டிகள் மட்டும் போகலாம் என்று சில தெருக்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், காவலுக்குப் போலீஸ் நிற்காது, கேமரா நிற்கும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். தங்குமிடக்காரரிடம் வண்டியை எங்கே விடுவது என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்காமல் கிளம்பாதீர்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு வாடகைக் கார் எடுக்க நினைக்கிறவர்கள் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

இப்போது அம்மா. தெல்லாரோ முழுக்கப் படி. பேருந்து நிறுத்தம் மேலே, கடல் கீழே, நடுவில் இருப்பதெல்லாம் படியும் சரிவும் உருண்டைக் கல் பதித்த சந்தும். "கடல் தெரியும் அறை" என்று இணையத்தில் அழகான படத்தோடு போட்டிருப்பார்கள், அந்த அறைக்கு வெளியே எத்தனை படி, உள்ளே எத்தனை படி என்று சொல்ல மாட்டார்கள். பழைய வீடுகள், குறுகலாகவும் உயரமாகவும் கட்டியவை, மின்தூக்கி எதிர்பார்க்காதீர்கள். பெட்டியை நீங்கள் தூக்கிவிடலாம், அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார்? காலையில் ஒரு தடவை இறங்கி மதியம் ஏறினால் அன்றைக்கு அவ்வளவுதான், சாயங்காலம் நீங்கள் இருவரும் கீழே போனால் அவர் அறையிலேயே இருப்பார். அது பாவம்.

அதனால் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது, தங்குவது லேரிச்சியிலோ அதையடுத்த சான் தெரென்ஸோவிலோ, தெல்லாரோவுக்கு நினைத்தபோது பேருந்தில் போய்வருவது. லேரிச்சிக்கும் சான் தெரென்ஸோவுக்கும் நடுவே கடலோரமாகச் சமதளத்தில் நல்ல அகலமான நடைபாதை இருக்கிறது, ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் இன்னொரு கோட்டை, நடுவில் மணல் கடற்கரை. அம்மா காலையும் மாலையும் ஆசைதீர நடக்கலாம், வழி நெடுக உட்காரப் பெஞ்சு, ஐஸ்கிரீம் கடை. லேரிச்சி தெல்லாரோ அளவுக்கு நிசப்தம் இல்லை, சதுக்கத்தில் ஞாயிறு மாலை உள்ளூர்க் குடும்பங்கள் நிறைந்திருக்கும். ஆனால் அது குடும்பக் கூட்டம், சுற்றுலா வழிகாட்டிக் குடைக்குப் பின்னால் ஓடும் கூட்டம் இல்லை, எனக்கு அதில் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வளைகுடாவின் உள்பக்கம் லா ஸ்பெசியா, கடற்படைத் தளமும் சரக்குத் துறைமுகமும் உள்ள ஊர், லேரிச்சியிலிருந்து அந்தப் பக்கம் திரும்பினால் பளுதூக்கிகளும் கப்பல்களும் கண்ணில் படும். தெல்லாரோவிலிருந்து அது தெரியாது, எதிரே பல்மாரியா, தீனோ தீவுகளும் திறந்த கடலும்தான். சூரியன் மறைவதும் அந்தத் திசையில்தான், ஆகவே மாலை நேரத்தைத் தெல்லாரோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் என்றால் யோசிக்காமல் தெல்லாரோவிலேயே அறை எடுங்கள் என்றிருப்பேன். கடைசிப் பகல் விருந்தாளியும் கிளம்பிப் போனபிறகு அந்த ஊரில் இருப்பது வேறு விஷயம்.

பையனுக்குக் குளியல். தெல்லாரோவில் மணல் கிடையாது. ஊர்க்காரர்கள் பாறையில் துண்டு விரித்துப் படுத்து அங்கிருந்தே குதிப்பார்கள், ஆழம் சட்டென்று வந்துவிடும், நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அருமை, ஏழு வயதுக்குச் சரிவராது. ஃபியாஸ்கெரினோவில் சின்னக் கூழாங்கல் கரை இருக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் கல் குத்தும், பாறையிடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும். ரப்பர்ச் செருப்பு, தண்ணீரில் போடும் வகை, எல்லோருக்கும் வாங்கிவிடுங்கள். மணல் வேண்டுமென்றால் லேரிச்சிக்கும் சான் தெரென்ஸோவுக்கும் நடுவிலுள்ள வெனெரே அட்சுர்ரா கடற்கரைதான், ஆழம் மெல்ல மெல்லக் கூடும். இத்தாலியில் கடற்கரையின் ஒரு பகுதி கட்டணம் கட்டிக் குடையும் சாய்நாற்காலியும் வாடகைக்கு எடுக்கும் இடம், இன்னொரு பகுதி இலவசம். அம்மாவுக்கு நிழல் வேண்டும், அதனால் ஒரு நாளாவது காசு கட்டி உட்காருங்கள், கழிவறையும் குளிக்கும் தண்ணீரும் கிடைக்கும். ஆகஸ்டு முழுக்கச் சூடேறிய கடல் செப்டம்பரிலும் இதமாகவே இருக்கும், மே மாதத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் நடுக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம்.

மாதத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் வராதீர்கள், குறிப்பாக ஆகஸ்டு 15ஐ ஒட்டி. அன்றைக்கு ஃபெர்ரகோஸ்தோ என்ற தேசிய விடுமுறை, இத்தாலியே கடலுக்கு வந்துவிடும், அப்போது தெல்லாரோவும் அமைதியான ஊர் இல்லை. அக்டோபர் பாதிக்கு மேல் லிகூரியாவில், அதாவது இந்தக் கரைப் பகுதி முழுக்க, மழை விளையாட ஆரம்பிக்கும். மலை கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் செங்குத்தாக நிற்பதால் ஈரக்காற்று மோதி ஒரே இடத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2011 அக்டோபர் 25 அன்று அப்படிப் பெய்த மழையில் சிங்க்வே தெர்ரேயின் வெர்னாட்ஸாவும் மோன்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, உயிர்ச்சேதமும் ஆனது. குளிர்காலத்தில் பாதி உணவகங்கள் மூடியிருக்கும், ஒரே விதிவிலக்கு கிறிஸ்துமஸ். டிசம்பர் 24 இரவு தெல்லாரோவில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு ஜன்னல், படி, பாறை எங்கும் ஆயிரக்கணக்கில் சின்ன அகல்களை ஏற்றுவார்கள், முக்குளிப்பவர்கள் கடலுக்கடியிலிருந்து குழந்தை இயேசு உருவத்தை எடுத்துக்கொண்டு கரையேறுவார்கள். ஊரே துறையில் நிற்கும், குளிர் எலும்பைத் தொடும்.

சாப்பாடு. நீங்கள் அதிகம் கவலைப்பட்டது இதற்குத்தான் என்று தெரிகிறது, ஆனால் இத்தாலியில் சைவர்களுக்கு லிகூரியாவைவிட நல்ல இடம் குறைவு. மலையும் கடலும் நெருக்கிக்கொண்டு மேய்ச்சல் நிலமே இல்லாமல் போனதால் இந்தப் பகுதியின் பழைய சமையல் முழுக்கக் கீரை, பருப்பு, ஆலிவ் எண்ணெய்தான். மெஷ்யூவா என்று லா ஸ்பெசியாவுக்கே உரிய ஒரு சூப், கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், கோதுமை மூன்றையும் ஊறவைத்துத் தனித்தனியாக வேகவைத்துச் சேர்த்து, மேலே ஆலிவ் எண்ணெயும் மிளகுப்பொடியும். துறைமுகத்தில் மூட்டையிலிருந்து சிதறிய தானியங்களைப் பெண்கள் பொறுக்கிவந்து சமைத்ததில் பிறந்தது என்பார்கள். அம்மாவுக்குப் பிடிக்காமல் போக வழியே இல்லை. ஃபரினாத்தா இன்னொன்று: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள், சூடாக வாங்கி மிளகு தூவித் தின்ன வேண்டும், ஆறினால் ருசி போய்விடும். தெஸ்தாரோலி என்று ஒரு வகை, தோசைக்கல்லில் ஊற்றுகிற மாதிரி மாவை வட்டமாக ஊற்றிச் சுட்டு, துண்டு போட்டு, கொதிநீரில் முக்கியெடுத்துப் பெஸ்தோ என்ற பச்சைச் சாஸ் கலந்து தருவார்கள். பெஸ்தோவுக்குப் பயன்படும் பேசில் இலை நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான், வாசனை மட்டும் மென்மை.

ஒரு எச்சரிக்கை. பெஸ்தோவில் பார்மிஜானோ சீஸ் சேர்ப்பார்கள், அந்தச் சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் பெஸ்தோவைத் தவிர்த்து, சீஸ் இல்லாமல் தக்காளிச் சாஸ் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து நெத்திலி. இந்தக் கரையில் உப்பிட்ட நெத்திலியை எதில் போடுவார்கள் என்றே சொல்ல முடியாது, சாஸிலும் காய்கறியிலும் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். "சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. "சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா அச்சூகே", அதாவது இறைச்சி, மீன், நெத்திலி எதுவும் வேண்டாம் என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். சூப் என்றால் காய்கறித் தண்ணீரா இறைச்சித் தண்ணீரா என்றும் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் அசைவம் என்றால் வளைகுடாவிலேயே வளர்க்கும் மட்டியை உள்ளே பூரணம் வைத்துத் தக்காளியில் வேகவைத்துத் தருவார்கள், ஆக்டோபஸை உருளைக்கிழங்கோடு சேர்த்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருவார்கள். இரண்டும் அவசியம்.

மதிய உணவு இரண்டரைக்குள் முடிந்துவிடும், இரவு ஏழரைக்கு முன்னால் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். நடுவில் பையனுக்குப் பசித்தால் ஃபோகாச்சா ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ "கொபெர்த்தோ" என்று சேர்த்திருப்பார்கள், அது ஏமாற்று இல்லை, மேசைக் கட்டணம். தெல்லாரோவில் உணவகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், இரவுக்கு முன்பதிவு செய்யாமல் போனால் பட்டினியாகத் திரும்ப வேண்டிவரும்.

மூன்று நாளில் வேறு என்ன செய்யலாம்? ஒரு நாளைப் போர்ட்டோவெனெரேவுக்குக் கொடுங்கள். லேரிச்சியிலிருந்து படகு, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வாக்கில் ஓடும், கடல் கொந்தளித்தால் ஓடாது, அன்று காலை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வளைகுடாவைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் பாறை முனையில் நிற்கும் சான் பியெத்ரோ தேவாலயத்துக்குக் கீழே போய்ச் சேரும்போது கிடைக்கும் காட்சிக்காகவே போகலாம். சிங்க்வே தெர்ரே, போர்ட்டோவெனெரே, எதிரிலுள்ள மூன்று தீவுகள் எல்லாம் சேர்த்து 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தவை. அதே படகுச் சேவையில் சிங்க்வே தெர்ரே ஊர்களையும் கடலிலிருந்தே பார்த்துவிடலாம், அந்த ஊர்கள் கடலிலிருந்து பார்ப்பதற்கென்றே செய்தவை, அம்மாவுக்குப் படியும் இல்லை. ரயிலில்தான் போக வேண்டுமென்றால் காலை எட்டுக்கு முன் போய்ப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். ரியோமஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் காதல் பாதை 2012 பாறைச் சரிவுக்குப் பிறகு மூடிக்கிடந்து 2024இல்தான் மறுபடி திறந்தது, அதற்குத் தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும்.

இலக்கிய ஆர்வம் இருந்தால் சான் தெரென்ஸோவில் காஸா மாஞ்ஞி என்ற வெள்ளை வீட்டைப் பாருங்கள், கீழ்த்தளம் முழுக்க வளைவுகள். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1822இல் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்த வீடு. இப்போது முன்னால் சாலை ஓடுகிறது, அப்போது அலை வளைவுக்குள்ளேயே வந்துபோகும். அந்த ஆண்டு ஜூலை 8 அன்று லிவோர்னோவிலிருந்து பாய்மரப் படகில் இந்த வீட்டுக்குத் திரும்பும்போது புயலில் சிக்கி இறந்தார், முப்பது வயது ஆகவில்லை. உடல் வியாரெஜ்ஜோ பக்கம் ஒதுங்கியது, கடற்கரையிலேயே எரித்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பார்க்கும் அருங்காட்சியகம் எதுவும் இல்லை, வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். 1910இலிருந்து இந்த நீர்ப்பரப்புக்குக் கவிஞர்களின் வளைகுடா என்றே பெயர், இப்போது விடுதிக்காரர்கள் முதல் பீட்ஸா கடை வரை எல்லோரும் அதைப் பிழிந்துகொண்டிருக்கிறார்கள்.

அம்மாவும் பையனும் ஒரு காலை லேரிச்சியில் இருக்கட்டும், நீங்கள் ஒருவராவது தெல்லாரோவிலிருந்து மோந்தெமார்ச்செல்லோவுக்கு நடந்துவிடுங்கள். ஆலிவ் தோப்பும் காடுமாக மேலேறும் பாதை, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வழியில் எப்போதோ கைவிட்டுப்போன குடியிருப்புகளின் இடிபாடுகளும் உண்டு. மோந்தெமார்ச்செல்லோ குன்றுச்சியில் சுமார் 260 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் வளைகுடா, மறுபக்கம் மாக்ரா ஆற்று முகத்துவாரமும் அபுவானே மலைகளும். மலைமேல் பனி என்று நினைப்பீர்கள், அது கராராவின் பளிங்குக் குவாரிகள். அங்கிருந்து புன்தா கோர்வோ கடற்கரைக்குக் கீழே இறங்கவும் வழி உண்டு, ஏறக்குறைய 700 படி, பாறை சரியும் பயத்தால் அவ்வப்போது மூடிவைப்பார்கள், திறந்திருந்தாலும் இறங்கிய படியெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வேறு ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். ஜெனோவா பக்கத்துக் கமோல்யி அழகு, ரயில் உண்டு, பகலில் நெரிசல், இரவு தங்கினால் நன்றாக இருக்கும். அங்கிருந்து படகிலோ நடந்தோ மட்டுமே போகக்கூடிய சான் ஃப்ருத்துவோஸோ மடம் அருமை, ஆனால் நடுப்பகல் படகுகளில் வந்து குவிகிறார்கள். நேப்பிள்ஸ் பக்கம் போவதாக இருந்தால் புரோச்சிதா தீவின் கொரிச்செல்லா, அங்கேயும் படிதான். அமால்ஃபி கரையில் அத்ரானியைப் பலர் சொல்வார்கள், அமைதிதான், ஆனால் அந்தக் கரைச் சாலையின் போக்குவரத்து நெரிசலைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். உங்கள் வழி ஃப்ளோரன்ஸிலிருந்து என்பதால் இதெல்லாம் சுற்று, லேரிச்சிதான் சரி.

கடைசியாக, தெல்லாரோவில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இரவு அங்கேயே சாப்பிட்டுத் திரும்புவது என்றால், லேரிச்சிக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே நிறுத்தத்து அட்டவணையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, விடுமுறை நாள் அட்டவணை தனி, செப்டம்பர் நடுவில் பள்ளி திறந்ததும் கோடை அட்டவணை மாறிவிடும். டாக்ஸி அந்த நேரத்தில் கையசைத்தால் வராது, உணவகத்தில் சொன்னால் போன் செய்து தருவார்கள், சாப்பிட உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.